கல் இங்கே, கட்டு எங்கே?

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் 290அ என்று ஒரு பிரிவு உண்டு. சட்டம் படிக்கிற பிள்ளைகளே பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போகிற பிரிவு. கேரள அரசு தன் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வ நிதிக்கு, அதாவது கோயில் பராமரிப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தன்னிடம் வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்காகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. அந்தப் பகுதிகள் எவை என்றால் நம்ம அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், கூடவே செங்கோட்டை.

மதுரை மீனாட்சிக்கும் சிதம்பரம் நடராஜருக்கும் கிடைக்காத ஒரு வாக்கியம், சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் வேளிமலை முருகனுக்கும் ரூபாய்க் கணக்கோடு அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறது. சுசீந்திரம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துச் செல்பி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தேரோட்டத்துக்கு வருஷம் தவறாமல் போகிற எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்பிடியா?" என்பதற்கு மேல் பதில் இல்லை.

இதன் வேர் 1811-ல் இருக்கிறது. கர்னல் ஜான் மன்றோ ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்துகொண்டே திருவிதாங்கூருக்குத் திவானாகவும் ஆன காலம். கோயில்களின் நிலபுலன்களை அவர் சர்க்கார் கைக்குக் கொண்டுவந்தார். 348 பெரிய கோயில்கள், 1123 சிறிய கோயில்கள். நிலம் சர்க்காருக்கு, பூசைச் செலவும் சர்க்காருக்கு என்பது ஏற்பாடு. நூற்றுப் பத்து வருஷம் இப்படியே ஓடி, 1922-ல் தேவஸ்வத்துக்கெனத் தனித்துறை வந்தது. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அந்தக் கடன்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். 1956-ல் எல்லை மாறியதும் ஏழாவது திருத்தத்தின் வழியாக அது இரண்டாகப் பிரிந்து அரசியலமைப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தக்கலையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்த என் தாய்மாமா இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "மக்கா, கோயிலுக்க சொத்த எடுத்தவன் செலவுக்குக் குடுக்கணும்லா. அது பிச்சை இல்ல கேட்டியா. பாட்டம்."

பாட்டம் என்றால் குத்தகைப் பணம். மாமா சொன்னதில் பாதி சட்டம், பாதி கோபம். ஆனால் விஷயம் அதுதான். இந்த மாவட்டத்தில் பேர்போன இடம் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு காகிதம், ஒரு செப்பேடு, ஒரு தீர்ப்பு, ஒரு விளம்பரம், அதாவது அரச அறிவிப்பு இருக்கிறது. கல்லைப் பார்க்க ஆள் வருகிறது, காசு வருகிறது, சட்டப் பாதுகாப்பும் வருகிறது. அந்தக் கல்லை நிறுத்தி வைத்த காகிதத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது இங்கே இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்பதற்கு எங்கள் ஊர் அப்பீல் வழக்குகளின் பயணத்தைப் பார்த்தாலே போதும். நாகர்கோவிலில் தோற்றவர் உயர்நீதிமன்றம் போக வேண்டுமானால் 1949 வரை திருவனந்தபுரம். திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றம் அந்த வருஷம் ஜூலையில் எறணாகுளத்தில் தொடங்கியதும் எறணாகுளம். 1956-க்குப் பிறகு சென்னை. 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறந்தபின் மதுரை. அறுபது வருஷத்துக்குள் நாலு ஊர். அப்பன் திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடித்த அதே வரப்புத் தகராறுக்கு மகன் சென்னைக்கு ரயில் ஏறி, பேரன் மதுரைக்குப் பஸ் ஏறிய குடும்பங்கள் இங்கே உண்டு. வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். வழக்குக் காகிதக் கட்டு மட்டும் ஊர் ஊராகப் போகும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருவோம். தக்கலையிலிருந்து கூப்பிடு தூரம். தமிழ்நாட்டு மண். உள்ளே நுழையச் சீட்டுக் கிழிக்கிறவர் கேரளத் தொல்லியல் துறை ஊழியர். திங்கட்கிழமை விடுமுறை என்று தெரியாமல் வெளியூர்க்காரர்கள் வந்து வாசலில் நிற்பது வாடிக்கை. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் பொதுவிதிப்படி, அரசு நிலமும் தளவாடமும் எந்த மாநில எல்லைக்குள் கிடக்கிறதோ அந்த மாநிலத்தைச் சேரும். ஆனால் இந்த அரண்மனை மட்டும் கேரளத்தின் கையிலேயே நின்றுவிட்டது. கோட்டைக்குள் சுமார் 6.5 ஏக்கர். அதைத் தாண்டிக் காலை வைத்தால் தமிழ்நாடு.

இதைப் பற்றி அவ்வப்போது நம்மூர் மேடைகளில் மீசை முறுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்க்கொட்டாரத்தின் மரவேலையையும், முகம் பார்க்கலாம் போன்ற அந்தக் கறுப்புத் தரையையும் அவர்கள் வைத்திருக்கிற பக்குவம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியே வெளியே வந்து, நம் பொறுப்பில் இருக்கிற கோட்டைச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கல்லிடுக்கில் ஆலும் அரசும் முளைத்து, மழைக்குச் சரிந்த இடங்களும் உண்டு. மேடையில் பேசுகிறவர்கள் முதலில் அந்தச் சுவரைப் பார்க்கட்டும்.

அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் மறக்காமல் காட்டுவது 64 மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் கட்டில். அருங்காட்சியகப் பகுதியில் குற்றவாளியை நிற்கவைத்துத் தொங்கவிடும் இரும்புக் கூண்டு ஒன்றும் உண்டு. மனித உடம்பின் அளவுக்கே அடித்த கூண்டு. பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுதான் அதிக நேரம் பார்ப்பார்கள். ராஜாங்கத்தின் நீதி என்றால் அந்தக் கூண்டுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பத்மநாபபுரத்துக்கு வேறொரு நீதிக் கதையும் இருக்கிறது. மன்றோ ஏற்படுத்திய ஜில்லா கோர்ட்டுகளில் ஒன்று இங்கே இருந்தது. தோள்சீலைப் பிரச்சினை கொதித்த 1820-களில், மேலாடை அணிந்த நாடார் பெண்களைச் சந்தையிலும் சாலையிலும் தாக்கினார்கள். மிஷனரி சார்லஸ் மீட் ரெசிடென்டிடம் முறையிட, விசாரணை பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு வந்தது. இந்த மீடே 1818-ல் நாகர்கோவிலில் கொஞ்ச காலம் நீதிபதியாக நியமனம் பெற்று உட்கார்ந்தவர். ஒரு பாதிரியார் நீதிபதி ஆசனத்தில்! இன்று நினைத்துப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது. 1823-ல் கோர்ட், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை அணியலாம் என்று சொன்னது. சண்டை அதோடு ஓயவில்லை. 1829 பிப்ரவரி 3 அறிவிப்பு, உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மேல்சீலை உடுத்தக் கூடாது என்று மறுபடியும் இறுக்கியது. வீடுகளும் பள்ளிகளும் தீக்கிரையாகி, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்த பிறகுதான் நாடார் பெண்கள் எல்லாருக்கும் கதவு திறந்தது. அப்போதும்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற ஒட்டு விட்டுப்போகவில்லை.

இதைச் சொல்லும் பலகை ஒன்றும் அரண்மனைப் பக்கத்தில் என் கண்ணில் பட்டதில்லை. கட்டிலுக்குப் பலகை உண்டு.

புதுக்கடை பக்கம் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்று சின்ன ஊர். விஷ்ணு கோயில் இருக்கிறது. சாயங்காலம் போனால் நீங்களும் நம்பூதிரியும் மட்டும்தான் இருப்பீர்கள். அந்தக் கோயிலைக் கட்டியவன் ஆய் மன்னன் கருநந்தடக்கன், வருஷம் 866. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவன் கலி நாள் கணக்குப் போட்டு ஒரு செப்பேடு எழுதி வைத்ததுதான். அந்தச் செப்பேடு பக்திப் பாட்டு இல்லை. முழுக்க முழுக்க ஆதாரம். ராஜா என்பதால் நிலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. உழக்குடிவிளை என்கிற இடத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வாங்கி, பதிலுக்கு வேறு நிலம் கொடுத்திருக்கிறான். இன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் பரிவர்த்தனைப் பத்திரம் என்று எழுதுவோமே, அதேதான். பத்திர எழுத்தர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, "நாலெல்லை சொல்லியிருக்கா?" தொழில் புத்தி!

கோயிலோடு ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். 95 சாத்திரருக்கு, அதாவது மாணவருக்கு இடம். வேதப் பிரிவு வாரியாகப் பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரியருக்கு 36, தலவகாரருக்கு 14. இட ஒதுக்கீட்டு எண்ணிக்கை செப்பேட்டில்! சேர வருகிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதியும் எழுதியிருக்கிறது. சேர, சோழ, பாண்டியருக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ராஜ்யத்துக்கு மூன்று பக்கத்துச் சட்டமும் தெரிந்த ஆள் தேவை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த குமாஸ்தாவைத் தேடி அலைகிற இந்த ஊர் வக்கீல்களுக்கு இது நன்றாகவே புரியும். சண்டை போட்டால் தண்டம் என்பது போன்ற ஹாஸ்டல் விதிகளும் அதில் உண்டு.

இந்தச் செப்பேட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் பார்த்திவபுரம் செப்பேடு என்பதைவிட ஹுசூர் ஆபீஸ் செப்பேடு என்பதுதான் அதிகப் பிரபலம். ஹுசூர் கச்சேரி என்கிற திருவனந்தபுரத்து அரசுத் தலைமை அலுவலகத்தில் கிடந்ததால் அந்தப் பெயர். டி.ஏ. கோபிநாத ராவ் அதைப் படித்துப் பதிப்பித்ததும் அந்தப் பெயரிலேயே. ஊரின் ஆதாரம் ஊரை விட்டுப் போனதோடு, போய்ச் சேர்ந்த ஆபீசின் பெயரையும் சுமந்துகொண்டது. பார்த்திவபுரத்துப் பிள்ளைகளிடம் ஹுசூர் ஆபீஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

சுசீந்திரம் இன்னொரு தினுசு. அந்தக் கோயிலே ஒரு காலத்தில் கோர்ட். ஸ்மார்த்த விசாரம் என்கிற சாதி ஒழுக்க விசாரணையில் மாட்டிய நம்பூதிரி, தான் குற்றமற்றவன் என்று காட்ட இங்கே வந்து கைமுக்கு நடத்த வேண்டும். கொதிக்கிற நெய்க்குள் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி வைத்து, நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்துத் தீர்ப்பு. கொப்புளம் இருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இதை நிறுத்தினார்கள். இந்திரனே இங்கே வந்து சுத்தமானான் என்ற தலபுராணத்தை எல்லாரும் சொல்வார்கள். நெய்க் கொப்பரையை யாரும் சொல்வதில்லை. நெய் வியாபாரிக்கு இதில் என்ன லாபம் கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு எப்போதும் உண்டு.

அதே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க உரிமை கேட்டு 1926-ல் ஒரு போராட்டம், 1930-ல் இன்னொன்று. வைக்கம் எல்லாருக்கும் தெரியும். சுசீந்திரத்தை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் எம்.இ. நாயுடுவின் பெயரை நாகர்கோவிலிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. திருவிதாங்கூரின் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் கையெழுத்திட்ட ஆலயப் பிரவேச விளம்பரம், கைமுக்கு நடந்த அந்த வாசலை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. இசைத்தூணைத் தட்டிக் காட்டுவதற்குச் செலவழிக்கிற நேரத்தில் பத்து நிமிஷம் இதற்குக் கொடுத்தால் என்ன?

விவேகானந்தர் பாறையின் சச்சரவு அநேகமாக எல்லாருக்கும் தெரியும். பாறை யாருடையது, அதற்கு என்ன பெயர் என்பதிலேயே 1962, 63-ல் ஊர் இரண்டுபட்டது. 1963 ஜனவரியில் வைத்த கல்வெட்டு மே மாதம் இல்லாமல் போனது. பிறகு நினைவு மண்டபத்துக்கு ஆதரவாக 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்து, 1970 செப்டம்பர் 2-ல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறப்பு. அங்கே தீர்ப்பைவிடக் கையெழுத்து வேலை செய்தது. அதற்கு மேல் எழுதினால் இந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தை நான் பூட்ட வேண்டி வரும்.

நாகர்கோவில் கோர்ட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. மார்ஷல் நேசமணி வக்கீலாகச் சேர்ந்த புதிதில் அங்கே உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்ததாகவும், அவர் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டதாகவும் இங்கே சொல்வார்கள். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரப் போராடிய தலைவரின் கதை கோர்ட் முக்காலியில் தொடங்குகிறது. அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, சிலை இருக்கிறது. முக்காலி இருந்தால் நான் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் போய்ப் பார்ப்பேன்.

இனி என் வீட்டுக் கட்டு.

எங்கள் தாத்தாவுக்கு ஒரு வழிப்பாதை வழக்கு இருந்தது. கொல்லம் 1109. கல்குளம் தாலுகாவில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கிராமம். கீழ்க்கோர்ட்டில் தோற்றுப்போனார், அப்பீலுக்காக முழு வழக்குக்கும் நகல் எடுத்தார். அந்த நகல்கட்டு மாமாவின் தகரப்பெட்டியில் இருந்தது. ஓரம் பழுத்து உதிர்கிற தாள், மேலே சங்கு முத்திரை, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நகல் எழுதியவர், ஒத்துப் பார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து. எழுத்து மலையாளம். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு ஒரு சாண் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

இடத்தைப் பார்த்து வரக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் ரிப்போர்ட்டோடு கையால் போட்ட பிளான் ஒன்று. பாதை ஒரு இரட்டைக்கோடு. தெற்கே குளம். குளத்தங்கரையில் புளி. புளிக்கும் பாதைக்கும் நடுவில் இரண்டு சின்னக் கட்டம், அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கோடு: சுமைதாங்கி. தரையிலிருந்து இத்தனை அடி உயரம், குறுக்குக்கல் இத்தனை நீளம், அதில் எழுத்து வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோனதால் வாசிக்க முடியவில்லை என்று கமிஷனர் குறித்திருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவுக்கு அந்த வீட்டார் சுமைதாங்கி போடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த எழுத்து ஒருவேளை அவள் பெயராக இருக்கலாம்.

சாட்சிகளில் நாலாவது ஆள் கருவாட்டுக்காரி. குளச்சல் பக்கத்திலிருந்து தலைச்சுமையாக வருகிறவள். "இந்தப் பாதை எத்தனை காலமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவள் சொன்னது: என் அம்மை கடவம் இறக்கினதும் இந்தக் கல்லில்தான், நான் இறக்குவதும் இந்தக் கல்லில்தான், பாதை இல்லாவிட்டால் கல்லை எதற்கு இங்கே கொண்டுவந்து நட்டார்கள்? எதிர்க்கட்சி வக்கீல் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வரியில் அவள் கைநாட்டு. கோர்ட் என்னவோ அவளை நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

அந்தச் சுமைதாங்கி இப்போது இல்லை. ரோடு அகலமானபோது போயிற்று. குளமும் பாதியாகிவிட்டது. அது எந்தத் தொல்லியல் பட்டியலிலும் ஏறியதில்லை. சிதறால் மலையில் சமணப் படுகையைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், ஒன்பதாம் நூற்றாண்டில் குணந்தாங்கிக் குரத்தி என்கிற சமணத் துறவியின் பெயரை வட்டெழுத்தில் வைத்திருக்கிற மலை அது. ரோட்டோரச் சுமைதாங்கிக்கும் வழியம்பலத்துக்கும் அந்தக் காவல் கிடையாது. அவற்றை அளந்து, படம் போட்டு, ஊர்க்காரர் வாயால் விவரித்து எழுதி வைத்த ஒரே இடம் முன்சீப் கோர்ட் கட்டுகள்தான்.

அந்தக் கட்டுகளுக்கு என்ன நடக்கிறது? 1917-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆவண அழிப்புச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. எந்தக் காகிதத்தை எத்தனை வருஷம் வைப்பது, எதை எப்போது அழிப்பது என்று உயர்நீதிமன்றம் விதி வகுக்கலாம். சொத்து வழக்கில் தீர்ப்பும் டிகிரி என்கிற தீர்ப்பாணையும் தங்கும். மனு, சம்மன், வாக்குமூலம் போன்றவை காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்படலாம். ரெக்கார்டு ரூமில் இடம் இல்லை என்பது உண்மை. ஒரு நீதிமன்றத்தின் பதிவறையில் வேறு வேலையாகப் போனபோது பார்த்திருக்கிறேன். கூரையைத் தொடும் அலமாரி, துணியில் கட்டிய மூட்டைகள், அந்துருண்டை நெடி. அங்கே வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

குறை சட்டத்தில் இருக்கிறது. 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ பதிவேடோ ஆவணமோ 75 வருஷம் பழசானால் அது தொல்பொருள். சிலைக்கு 100 வருஷம் வேண்டும், காகிதத்துக்கு 75 போதும். அந்தக் கணக்கில் 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர்க் கோர்ட்டுக் காகிதங்களில் பெரும்பங்கு இப்போதே அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஒரு சட்டம் தொல்பொருள் என்று சொல்லக்கூடிய காகிதத்தை இன்னொரு சட்டம் அந்த வயசு வரும் முன்பே கழித்துவிட இடம் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே எந்த ஏற்பாடும் இல்லை. சுசீந்திரம் தூணில் ஒருவன் ஆணியால் பெயரைக் கீறினால் ஊர் கொதிக்கும். அந்தத் தெருவில் யார் நடந்தார்கள், யாரைத் தடுத்தார்கள் என்று சாட்சி சொன்ன தாள் எடைக்குப் போனால் ஒரு காக்கை கரையாது.

ஓலையிலிருந்து இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஓலைக்கட்டுகள் இருந்தன. நிலம், வரி, அடிமை விற்பனை, நாஞ்சில் நாட்டாரின் கூட்டம் எல்லாம் அவற்றில் வரும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்தார். குழந்தைப் பாட்டுக் கவிஞராக மட்டும் நாம் அவரை வைத்திருக்கிறோம். மாமன் சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள்வழிச் சொத்துரிமையைக் கிண்டலடித்து அவர் எழுதிய பிறகு, 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை ஒழித்தது. கவிதையால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓலையில் கிடந்த சொத்துத் தகராறுகளைப் படித்த கண்தான் அந்தக் கிண்டலையும் எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதலியார் வீடு செய்ததை இன்று மாவட்டம் செய்யலாம். 1956-க்கு முந்தைய கட்டுகள் எவை மிச்சம் இருக்கின்றனவோ அவற்றைக் கழிக்காமல் தனியே எடுத்து, ஸ்கேன் செய்து, வழக்கு எண்ணோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒரு அட்டவணை. அதற்கு மலையாளமும் தமிழும் படிக்கிற ஆட்கள் வேண்டும். மாமா தலைமுறை இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும். நவராத்திரிக்குத் தேவாரக்கட்டு சரஸ்வதியும் குமாரகோயில் முருகனும் முன்னுதித்த நங்கையும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, இரண்டு மாநில அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள், களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. சாமியைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர இவ்வளவு ஒத்துழைப்பு இருக்கும்போது, திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிற நம்மூர்க் கட்டுகளின் படப்பிரதி களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வர என்ன தடை?

"சர்க்காரு செய்யும்ணு காத்திருந்தா பெட்டிக்குள்ள இருக்குறதையும் செல்லு அரிச்சிரும்" என்றார் மாமா. அதனால் சொந்த ஊர்க் கோயில், குளம், சர்ச், வழி பற்றிய பழைய வழக்கைத் தேட நினைக்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. முதலில் வீட்டுப் பரணையும் ஊர் வக்கீல் குமாஸ்தா வீட்டுப் பரணையும் பாருங்கள். அப்பீல் போனவர்கள் முழு நகல் வாங்கியிருப்பார்கள். தீர்ப்பில் இருப்பது கொல்லம் ஆண்டு. அதோடு 825 கூட்டினால் போதும் என்பார்கள். ஆவணியில் வருஷம் பிறப்பதால், ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிற வரைக்கும் 824-தான் கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு 825. நகல் மனுவில் இங்கிலீஷ் வருஷத்தை மட்டும் எழுதினால் பதிவேட்டில் தேடுகிறவருக்கு வழியே கிடைக்காது. கொல்லம் ஆண்டு, மாதம், வழக்கு நம்பர், அன்றைய கோர்ட்டின் பெயர் நாலையும் எழுதுங்கள். வாதி பிரதிவாதி பெயரை மலையாளத்திலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இணைத்தால் வேலை சுலபம். கமிஷனர் ரிப்போர்ட், பிளான், சாட்சி வாக்குமூலம் மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீர்ப்பு நகல் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது என்று சொல்லுங்கள்.